தோட்டப் பட்டணத்தின் புதிய தாமானில் வீடு வாங்கலாமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், ரவாங்கிலிருந்து செரண்டா, பத்தாங்காலி வழியாக வடக்கே செல்லும் பழைய சாலையின் இருபுறமும் ஒரு காலத்தில் ரப்பரும் பின்னர் செம்பனையும் நின்ற நிலங்கள், இன்று ஒன்றன்பின் ஒன்றாகத் தாமான்கள் எனும் குடியிருப்புப் பகுதிகளாக மாறி வருகின்றன. இது உலு சிலாங்கூருக்கு மட்டும் உரிய மாற்றம் அன்று. காப்பார், பந்திங், லாபு, சுங்கை பட்டாணி, கூலாய் என்று தோட்டங்களை நம்பி வளர்ந்த பட்டணங்கள் பலவற்றிலும் இதே விளம்பரப் பலகைகள் எழுந்து நிற்கின்றன. தலைநகரைச் சுற்றியுள்ள தரை வீடுகள் எட்டாத விலைக்குப் போய்விட்டதால், தோட்டத்தில் பிறந்து நகரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பட்டணங்களே சொந்த வீட்டுக்கு எஞ்சியிருக்கும் வழி. ஆகவே, வாங்கலாமா என்ற கேள்விக்கு ஆசையோ அச்சமோ விடை சொல்ல விடாமல், எதை எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஓர் அளவுகோலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் அடுத்த பத்தாண்டுகளுக்குப் புதிதாக எதுவுமே வராது, இன்று இருக்கும் சாலையும் கடையும் பள்ளியும் மட்டுமே இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அப்போதும் இங்கே குடியிருக்க உங்கள் குடும்பம் சம்மதிக்குமா? சம்மதிக்கும் என்றால் மேற்கொண்டு விசாரிக்கலாம். வரப்போவதை நம்பித்தான் சம்மதம் என்றால், நீங்கள் வாங்கப்போவது வீடு அன்று, ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதிக்கும் சேர்த்து 35 ஆண்டுகள் தவணை கட்டப்போகிறவர் நீங்கள்தான்.

வேலை இல்லாத ஊர் வளராது

தோட்டம் நகரமாவது இந்த நாட்டுக்குப் புதிதன்று. பெட்டாலிங் ஜெயா 1950களில் எஃபிங்காம் தோட்டத்தில் எழுந்தது. சுபாங் ஜெயா 1970களில் சீபீல்டு தோட்டத்தில் உருவானது. இந்த இரண்டையும் காட்டித்தான் எல்லா விற்பனையாளர்களும் பேசுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடும் பெயர்கள் நம் உலு சிலாங்கூரிலேயே உள்ளன. 1990களில் பெரும் எதிர்பார்ப்புடன் தொடங்கப்பட்ட புக்கிட் பெருந்தோங்கில், 1997ஆம் ஆண்டு நிதி நெருக்கடிக்குப் பின்னர் வரிசை வரிசையாக வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. அந்த இடம் மீண்டும் நிமிரப் பல ஆண்டுகள் பிடித்தன. களும்பாங் பக்கமுள்ள லெம்பா பெரிங்கின் கைவிடப்பட்ட நகராகவே அறியப்படுகிறது. இந்த எல்லா இடங்களிலும் நிலம் தோட்ட நிலந்தான். பெட்டாலிங் ஜெயாவையும் சுபாங் ஜெயாவையும் தொழிற்சாலைகளும் தலைநகரின் அருகாமையும் தாங்கின. மற்ற இடங்களில் வீடு முதலில் வந்தது, வேலை உடன் வரவில்லை.

எனவே, அந்தத் தாமானில் இப்போது குடியிருப்பவர்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள். ரவாங்கை அடுத்த சுங்கை சோவில் பெரோடுவா கார் ஆலையும், தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் கார் ஆலையும் கல்விப் பல்கலைக்கழகமும் இருப்பதுபோல, சம்பளம் கொடுக்கும் இடங்கள் அரைமணி நேரத் தொலைவுக்குள் இருந்தால், அந்த ஊர் வாடகைக்கு ஆள் கிடைக்கும் ஊராகவும், தேவைப்பட்டால் விற்கக்கூடிய ஊராகவும் இருக்கும். எல்லோரும் கோலாலம்பூருக்கே போய் வருகிறார்கள் என்றால், பெட்ரோலும் சாலைக் கட்டணமும் வாகனத் தவணையும் அந்த ஊரின் வீட்டு விலையில் மறைந்து கிடக்கின்றன என்று பொருள்.

அடுத்து, நீங்கள் வாங்க நினைக்கும் தாமானை விடுத்து, அதன் அருகில் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் கட்டி முடிந்த தாமானுக்கு இரவில் செல்லுங்கள். எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது, எத்தனை கடைவீடுகள் கதவடைத்துக் கிடக்கின்றன, எத்தனை வேலிகளில் லேலோங் எனும் ஏல அறிவிப்பு தொங்குகிறது என்று பாருங்கள். தவணை கட்ட முடியாமல் வங்கி ஏலத்துக்கு வந்த வீடுகள் ஒரு வரிசையில் பல இருந்தால், அங்கே புதிய வீட்டுக்கு மேம்பாட்டாளர் கேட்கும் விலை சந்தை கொடுக்கும் விலை அன்று. சொத்து மதிப்பீட்டுத் துறையில் பதிவான உண்மை விற்பனை விலைகளை வங்கி மதிப்பீட்டாளர் வழியாகவோ பதிவு பெற்ற சொத்து முகவர் வழியாகவோ கேட்டுப் பெறலாம். விளம்பரத்தில் கேட்கப்படும் விலையை விட்டுவிட்டு, கைமாறிய விலையை மட்டும் கணக்கில் எடுங்கள்.

வரும் என்று சொல்லப்படும் இரயில்

கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக இரயில் திட்டத்துக்கு 2016ஆம் ஆண்டு டிசம்பரில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. சிரம்பானுக்கான நிலையம் தோட்டங்கள் சூழ்ந்த லாபுவில் அமையும் என்று திட்டமிடப்பட்டது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் அந்த ஒப்பந்தம் காலாவதியாகி, திட்டம் கைவிடப்பட்டது. இரு அரசாங்கங்கள் கையெழுத்திட்ட திட்டத்துக்கே இந்த நிலை என்றால், விற்பனைத் தாளில் புள்ளிக்கோடாக வரையப்பட்ட சாலைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதை நீங்களே அளந்துகொள்ளலாம்.

இதற்கு நான் பின்பற்றச் சொல்லும் முறை எளியது. இயங்கிக்கொண்டிருக்கும் வசதியை முழுமையாகக் கணக்கில் கொள்ளுங்கள். பத்தாங்காலி, செரண்டா நிலையங்களில் இப்போது நிற்கும் கொமுட்டர் இரயில் அத்தகையது. கண்ணெதிரே கட்டப்பட்டு வருவதைப் பாதியாகக் கொள்ளுங்கள். செரண்டா, பஞ்சாக் ஆலாம் வழியாகக் கிள்ளான் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் கிழக்குக் கரை இரயில் பாதையை இவ்வகையில் சேர்க்கலாம், ஆனால் நிலையம் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், அங்கே போக எந்தச் சாலை என்பதையும் சேர்த்துப் பார்த்த பிறகே. அறிவிப்பு நிலையில் உள்ள எதையும் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அருகிலுள்ள காலி நிலம் எதற்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்பதை மாவட்ட அல்லது நகராண்மைக் கழகத்தின் உள்ளூர்த் திட்ட வரைபடத்திலும், அரசின் நகர, ஊரகத் திட்டத் துறையான பிளான்மலேசியா நடத்தும் ஐ-பிளான் தளத்திலும் காணலாம். பின்வரிசை வீட்டை ஒட்டி நிற்கும் செம்பனைக் காடு பூங்காவுக்கு உரியதா, தொழிற்பேட்டைக்கு உரியதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பட்டாவில் எழுதியிருப்பதே நிலம்

இந்தப் பகுதியில் நிதானமாக நிற்க வேண்டும், ஏனெனில் தோட்டப் பட்டணங்களில் நம் மக்கள் இழந்த பணத்தில் பெரும் பங்கு இங்கேதான் போயிருக்கிறது.

தேசிய நிலச் சட்டப்படி நிலத்தின் பயன்பாட்டு வகை விவசாயம், கட்டடம், தொழில் என மூன்று. தோட்ட நிலம் இயல்பாக விவசாய வகையைச் சேர்ந்தது. அதில் குடியிருப்பு எழுப்ப வேண்டுமானால் மாநில அரசு வகைமாற்றத்துக்கு ஒப்புதல் தந்து, அதற்கான கட்டணம் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பட்டாவின் முதல் பக்கத்தில் பயன்பாட்டு வகை, ‘சியாராட் ஞாத்தா’ எனும் வெளிப்படை நிபந்தனை, ‘செகாத்தான் கெபெந்திங்ஙான்’ எனும் உரிமை மாற்றக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்கும். கையில் கொடுக்கப்படும் நகலை நம்பாமல், நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி ‘சாரியான் ரஸ்மி’ எனப்படும் அதிகாரப்பூர்வத் தேடலைச் செய்யுங்கள். உரிமையாளர் பெயர், வங்கி அடைமானம், யாரேனும் பதிந்து வைத்துள்ள தடையாணை, நிலவரிப் பாக்கி ஆகியவை அதில் வெளிப்படும்.

இங்கே மிகப் பெரிய கண்ணி, ‘லோட் லிடி’ என்று பரவலாக அழைக்கப்படும் நிலம். விவசாய நிலத்தைப் பொதுவாக ஐந்தில் இரண்டு எக்டருக்கும், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்கும் குறைவான துண்டுகளாகப் பிரித்துத் தனிப் பட்டா பெறச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே ஒருவர் தம் பெயரிலுள்ள சில ஏக்கர் தோட்டத்தைத் தாளில் கோடு போட்டுச் சிறு மனைகளாகப் பலருக்கு விற்கிறார். வாங்குபவருக்குத் தனிப் பட்டா கிடைப்பதில்லை, பிரிக்கப்படாத ஒரு பங்கு மட்டுமே, சில வேளைகளில் அதுவும் இல்லாமல் ஓர் ஒப்பந்தக் கடிதம் மட்டுமே கிடைக்கிறது. வங்கி கடன் தராது, கட்டட ஒப்புதல் கிடைக்காது, குடிநீரும் மின்சாரமும் இழுபறியாகும், ஒரு பங்குதாரர் வழக்குப் போட்டால் எல்லோரும் சிக்குவார்கள். நிலத்தின் வகைமாற்றத்துக்கு விண்ணப்பித்தாயிற்று, அடுத்த ஆண்டு கிடைத்துவிடும் என்ற பேச்சு எப்போதும் உடன் வரும். கிடைத்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். விலை மலிவாக இருப்பதற்குக் காரணம், நீங்கள் வாங்குவது வீட்டு மனையே அன்று என்பதுதான்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 1950களிலும் 1960களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, தலைமுறையாக அங்கே உழைத்தவர்கள் வேலையோடு கூரையையும் இழந்தார்கள். அவர்கள் பெயரில் ஒரு துண்டுப் பத்திரமும் இல்லை. அந்த நெருக்கடியில்தான் 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்களைத் தொழிலாளர்களே கூட்டாக வாங்குவதற்காக முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 40 எக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாற இன்று தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவைப்படுகிறது. பத்திரமின்றி வாழ்ந்து வெளியேற்றப்பட்ட பெற்றோரின் பிள்ளைகள், பத்திரமற்ற நிலத்துக்குச் சேமிப்பைக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க முடியவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குத்தகை நிலமாயின் 99 ஆண்டுகளில் எத்தனை ஆண்டுகள் எஞ்சியுள்ளன என்று பாருங்கள். அது குறையக் குறைய வங்கிகள் தயங்கும், விற்கும்போது மாநில அரசின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியும் வரும். மலாய் ஒதுக்கீட்டு நிலம் நம் பெயருக்கு மாறாது. மலாய்க்காரருக்கும் பிற பூர்வகுடியினருக்குமான பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீட்டை மறுவிற்பனையில் வாங்குவதற்கு மாநில ஒப்புதல் வேண்டும். பழைய தாமான்களில் தனிப் பட்டா இன்னும் வெளிவராத வீடுகள் உள்ளன. அவற்றை வாங்கும்போது மேம்பாட்டு நிறுவனம் இன்னும் இயங்குகிறதா என்பதையும் உங்கள் வழக்கறிஞர் பார்க்க வேண்டும். அவர் உங்களுடைய வழக்கறிஞராக இருக்க வேண்டும். விற்பவரின் வழக்கறிஞர் உங்களுக்காகப் பேசக் கடமைப்பட்டவர் அல்லர்.

கட்டி முடிக்காத வீடாயின்

1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்படி, மேம்பாட்டாளரிடம் உரிமமும் விளம்பர விற்பனை அனுமதியும் இருக்க வேண்டும். இரண்டின் எண்களும் விற்பனைத் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றை வீடமைப்பு அமைச்சின் தளத்தில் சரிபார்க்கலாம். கறுப்புப் பட்டியலிலுள்ள நிறுவனங்களின் பெயர்களும் கைவிடப்பட்ட திட்டங்களின் விவரமும் அங்கேயே கிடைக்கும். நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் அதன் இயக்குநர்களின் பெயர்களையும் தேடுங்கள், ஏனெனில் ஒவ்வொரு தாமானுக்கும் புதிய நிறுவனம் பதிவது வழக்கம்.

தரை வீட்டுக்கான ஒப்பந்தம் அந்தச் சட்டத்தின்கீழ் வரும் விதிகளின் ‘ஜி’ அட்டவணையில் உள்ளபடியே இருக்க வேண்டும். அதன்படி கையெழுத்திடும்போது 10 விழுக்காடும், பின்னர் கட்டுமானம் முன்னேறும் படிகளுக்கேற்பவும் பணம் செலுத்தப்படும். ஒப்பந்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் வீடு ஒப்படைக்கப்பட வேண்டும். தாமதமானால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற கணக்கில் நாள்தோறும் இழப்பீடு சேரும். ஒப்படைத்த பின் 24 மாதங்களுக்குக் குறைபாடுகளைச் செலவின்றிச் சரிசெய்து தர வேண்டியது மேம்பாட்டாளரின் பொறுப்பு. ஒப்பந்தத்துக்கு முன்பே முன்பதிவுத் தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது அந்தச் சட்டத்தின் விதிகளுக்குப் புறம்பானது. இவ்வளவு பாதுகாப்பு இருந்தும், நிறுவனம் நொடித்துப்போனால் இழப்பீட்டை யாரிடம் வசூலிப்பது என்ற கேள்வி நிற்கத்தான் செய்யும். வங்கி தான் ஏற்கெனவே விடுவித்த பணத்துக்கு உங்களிடம் வட்டி கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் அறிமுகமில்லாத நிறுவனமாயின், சிசிசி எனும் கட்டட நிறைவுச் சான்றிதழ் கிடைத்து முடிந்த வீட்டைச் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

மண்ணும் நீரும்

செம்பனைத் தோட்டத்தின் வாய்க்கால்களும் தாழ்வான வயல்களும் பல ஆண்டுகளாக மழைநீரைத் தாங்கி வந்தவை. அவற்றைத் தூர்த்து மேடாக்கிக் கட்டும்போது, தண்ணீர் பக்கத்துத் தாமானுக்குப் போகிறது, அல்லது உங்கள் தாமானுக்கே திரும்பி வருகிறது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் தளத்தைப் பாருங்கள். அதைவிட, அந்த இடத்தில் முன்பு வேலை செய்த தோட்டத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். எந்தக் காட்டில் தண்ணீர் நின்றது, எந்தப் பாலத்தின்மேல் ஆறு ஏறியது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பலத்த மழை பெய்த மாலையில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

கோல சிலாங்கூர், கோல லங்காட் போன்ற கடலோர மாவட்டங்களில் களிமண்ணும் கரிமண்ணும் மென்மையானவை. வீடு ஆழமான தூண்களின்மேல் நிற்கும், ஆனால் கார் நிறுத்துமிடமும் சுற்றுத் தளமும் மண்ணோடு இறங்கும். பக்கத்திலுள்ள பழைய வீடுகளில் சுவருக்கும் தளத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விழுந்திருக்கிறது என்று பார்த்தால் உங்கள் வீட்டின் நிலையும் தெரிந்துவிடும். மாறாக, உலு சிலாங்கூரின் மேட்டு நிலங்களில் வெட்டப்பட்ட சரிவுகளையும் தடுப்புச் சுவர்களையும் கவனிக்க வேண்டும்.

செம்பனை ஆலை அருகில் இருந்தால் அதன் கழிவுநீர்க் குளத்தின் வாடை காற்றடிக்கும் திசையைப் பொறுத்து வரும், ஆகவே காலையிலும் மாலையிலும் போய் நில்லுங்கள். குழாய்நீரின் அழுத்தத்தை அண்டை வீட்டாரிடம் கேளுங்கள்.

பணக் கணக்கு

விலை 400,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 90 விழுக்காடு கடன் தந்தால் முன்பணம் 40,000. உரிமை மாற்றத்துக்கான முத்திரை வரி 7,000. கடன் பத்திரத்துக்கான வரி 1,800. வழக்கறிஞர் கட்டணம் வாங்கும் ஒப்பந்தத்துக்கு 5,000 வரையிலும், கடன் ஒப்பந்தத்துக்கு 4,500 வரையிலும் ஆகும். வேறு சில்லறைச் செலவுகளைச் சேர்க்காமலேயே கையில் 58,300 ரிங்கிட் வேண்டும். முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு 500,000 ரிங்கிட் வரையிலான வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு பல ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டு வருகிறது. நீங்கள் கையெழுத்திடும் நாளில் அது நடப்பில் உள்ளதா என்று வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

360,000 ரிங்கிட் கடனை 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 1,594 ரிங்கிட். வட்டி 5 விழுக்காடானால் 1,817. கடன் பொதுவாக 70 வயதுக்குள் முடிய வேண்டும் என்பதால், 45 வயதில் வாங்குபவருக்கு 25 ஆண்டுகளே கிடைக்கும். 4 விழுக்காட்டிலும் தவணை 1,900ஐத் தொடும். ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம். சம்பளச் சீட்டு இல்லாத லாரி ஓட்டுநர், கடை வைத்திருப்போர், குத்தகைப் பணியாளர் ஆகியோர், அரசின் வீட்டுக்கடன் உத்தரவாதத் திட்டமான எஸ்ஜேகேபி வழியாகக் கடன் பெற முடியுமா என்று வங்கியில் கேட்கலாம்.

ஓய்வுபெறும்போது தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டிய பெற்றோர், மகனோடு அல்லது மகளோடு சேர்ந்து கடன் வாங்குவது நம்மிடையே வழக்கம். கடனில் யார் பெயர், பட்டாவில் யார் பெயர், எந்த விகிதத்தில் என்பதைக் குடும்பத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசிய பிறகே கையெழுத்திடுங்கள். பெற்றோரின் சேமநிதிப் பணம் வீட்டுக்குள் போய்விட்டு, அவர்கள் பெயர் பட்டாவில் இல்லாமல் போவது சரியன்று. பின்னாளில் உறவுக்குள் பெரும் மனத்தாங்கலையும் அது உண்டாக்குகிறது.

ஐந்து ஆண்டுகளுக்குள் விற்க நேர்ந்தால் கிடைக்கும் இலாபத்துக்குச் சொத்து இலாப வரி உண்டு: முதல் மூன்று ஆண்டுகளில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டு முதல் குடிமக்களுக்கு இல்லை. விரைவில் விற்று இலாபம் பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இந்த வரியே போதிய மறுமொழி.

பள்ளி, கோயில், மருந்தகம்

தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம் என்பதைச் சாலைவழி அளந்து பாருங்கள். தோட்டம் அழிக்கப்பட்டபின் பள்ளி அதே இடத்தில் நீடிக்குமா, வேறிடத்துக்கு மாறுகிறதா, அதற்கான நிலம் பள்ளியின் பெயரில் ஒதுக்கப்பட்டுவிட்டதா என்று பள்ளி மேலாளர் வாரியத்திடமே கேட்கலாம். பழைய தோட்டக் கோயில்கள் பலவற்றுக்கு நிலப் பட்டா இல்லை. புதிய தாமான் திட்டத்தில் அந்தக் கோயிலுக்கு இடம் குறிக்கப்பட்டுள்ளதா என்பதை வரைபடத்தில் பாருங்கள், குறிக்கப்படவில்லை என்றால் இன்று தெரியும் கோபுரம் நாளை அங்கே இருக்கும் என்று எண்ண வேண்டாம். முதியவர்கள் உடன் இருந்தால் அரசாங்க மருந்தகமும் மருத்துவமனையும் எங்கே என்பது விலையைவிட முக்கியம். பத்தாங்காலிப் பக்கத்திலிருந்து கோல குபு பாருவோ சுங்கை பூலோவோ போக இரவு நேரத்தில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பட்டா சரி, மண் சரி, தவணையும் தாங்கும், ஆனால் ஊர் எப்படியிருக்கும் என்ற ஐயம் மட்டும் தீரவில்லை என்றால், அதே தாமானில் அல்லது அதன் பக்கத்துத் தாமானில் ஓராண்டுக்கு வாடகைக்கு இருங்கள். தோட்டப் பட்டணங்களில் வாடகை பெரும்பாலும் மாதத் தவணையைவிடக் குறைவு, ஆகவே அந்த ஓராண்டில் முன்பணமும் வளரும். ஒரு மழைக்காலம், ஒரு வறட்சி, பள்ளி விடுமுறை, தீபாவளிக்கு முந்தைய வாரச் சாலை நெரிசல் என எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்த்துவிடலாம். எந்த வரிசை வீட்டில் வெயில் ஏறுகிறது, எந்தச் சந்தில் தண்ணீர் நிற்கிறது, யார் விற்கப் போகிறார்கள் என்பதெல்லாம் குடியிருப்பவருக்குத் தானாகத் தெரியவரும்; முகவரின் காதுக்கு எட்டும் முன்பே வீட்டுக்காரரிடம் நேரில் விலை பேசவும் அது வழிசெய்யும்.